குத்தகையும் கிரயமும்

கேள்வி: ஐயா, சீனாவிடம் குத்தகைக்கு வாங்கிய குவாங்சோவானை 1945-லேயே பிரான்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். நம் காரைக்காலை மட்டும் ஏன் 1954 வரை விடவில்லை?
— வாசகர், பேரளம்

பதில்: என் அப்பா காரைக்காலில் பத்திரம் எழுதியவர். அதனால் எனக்கு முதலில் பத்திரம்தான் கண்ணில் படுகிறது. குவாங்சோவான் குத்தகை நிலம். 1899-இல் 99 வருடத்துக்கு எழுதி வாங்கி, தங்கள் ஆட்சியில் இருந்த வியட்நாமின் ஹனோயிலிருந்து நிர்வாகம் செய்தார்கள். மண்ணின் உரிமை சீனாவுக்கே என்று அந்த ஒப்பந்தமே சொன்னது. காரைக்கால் கிரய நிலம். 1739-இல் தஞ்சை மராட்டிய அரசரிடம் பணம் கொடுத்து வாங்கியது.

ஆனால் பத்திரம் மட்டுமே காரணமில்லை. ஹாங்காங்கின் புதிய பிரதேசமும் 99 வருடக் குத்தகைதான். அதை 1942-லேயே சீனாவின் சியாங் கை-ஷேக் அரசு கேட்டது, பிரிட்டன் மறுத்துவிட்டது. 1997-இல் தவணை தீர்ந்த பிறகுதான் கைமாறியது.

பிரான்சுக்கு வேறு அவசரம் இருந்தது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்த மூன்றாம் நாளே, 1945 ஆகஸ்ட் 18 அன்று, சீனாவின் அன்றைய போர்க்காலத் தலைநகரான சுங்கிங்கில், குவாங்சோவானைத் திருப்பிக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டார்கள். வியட்நாமின் வடபாதியில் ஜப்பானியரிடம் ஆயுதத்தை வாங்கும் பொறுப்பு சீனப் படைக்குப் போயிருந்தது. சீனாவைப் பகைத்துக்கொண்டு ஹனோய்க்குத் திரும்ப முடியாது. 1946 பிப்ரவரியில் ஷாங்காய் முதலான இடங்களில் இருந்த உரிமைகளையும் விட்டுக்கொடுத்த பிறகுதான், படையை விலக்கிக்கொள்ளச் சீனா சம்மதித்தது. பெரிய வயலுக்காக வாய்க்கால் ஓரத்துத் துண்டை விட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இங்கே அப்படி ஒரு நெருக்கடி பிரான்சுக்கு இல்லை. தவிர, அங்குள்ள மக்கள் சம்மதிக்காமல் சொந்த மண்ணைப் பிற நாட்டுக்குத் தரக்கூடாது என்று அவர்களுடைய அரசியல் சட்டம் சொன்னது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது.

அப்புறம் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை தந்தார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. பிரெஞ்சு முத்திரைத் தாளில் எழுதிய எங்கள் மனையின் கிரயப் பத்திரம், மடிப்பெல்லாம் பழுப்பேறி, அப்பாவின் மரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. அதில் இரண்டு பேர் கையெழுத்தும் பக்கம் பக்கமாக இருக்கிறது.