அத்திரிபாச்சாவின் எண் 1687

அன்புள்ள ஐயா,

அத்திரிபாச்சா கொழுக்கட்டைக் கதைக்கு 'ஏடியு 1687' என்று ஒரு கட்டுரையில் அடிக்குறிப்பு போட்டிருந்தார்கள். அந்த 'யு' ஒரு ஜெர்மானியராம். நம் மாமியார் வீட்டுக் கொழுக்கட்டைக்கு எண் போட அவர் யார்? கதை அங்கிருந்து வந்தது என்று அர்த்தமா?

க.

அன்புள்ள க.,

கதை அங்கிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. 'ஏடியு' என்பது நாட்டுப்புறக் கதைகளை வகை பிரித்து எண் போட்ட பட்டியல்; அதைத் தொகுத்த ஆர்னே, தாம்சன், ஊத்தர் மூவரின் பெயர்களுடைய ஆங்கில முதலெழுத்துகள் அவை. அந்த எண் வெறும் விலாசம்தான், பிறப்புச் சான்றிதழ் அல்ல.

'யு' என்பது ஹான்ஸ்-யோர்க் ஊத்தர். 1944இல் பிறந்தவர். கோட்டிங்கனில் குர்ட் ராங்கெ தொடங்கிய நாட்டுப்புறக் கதைக் கலைக்களஞ்சியத்தில்தான் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி போயிற்று. அதன் முதல் தொகுதி 1977இல் வந்தது, பதினைந்தாவதும் கடைசியுமான தொகுதி 2015இல். வெகுசனக் கதைகளில் ஊனமுற்றோர் வரும் விதம் பற்றிய அவரது நூல் 1981இல் வெளியானது. பிறகு கிரிம் கதைகளுக்கு ஒரு கையேடு (2008), ஜெர்மன் கதைகளுக்குத் தனிப் பட்டியல் (2015). ஆனாலும் பெயர் நிலைத்தது 2004இல் ஹெல்சிங்கியில் வந்த இந்த மூன்று தொகுதிக் கதை வகைப் பட்டியலால்.

முதல் பட்டியலைப் போட்டவர் பின்லாந்தின் ஆண்டி ஆர்னே (1910). அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதை 1928இலும் 1961இலும் விரித்தார். தாம்சன் பதிப்பில் பல கதைச் சுருக்கங்கள் ஒற்றை வரிதான். ஒரே நாட்டில் கிடைத்த கதைகள்கூட நட்சத்திரக் குறியோடு தனி வகையாகிவிட்டன. வாய்மொழிக்குத் தந்த இடத்தை ஏட்டு மூலங்களுக்குத் தரவில்லை. ஊத்தர் சுருக்கங்களைத் திருத்தி எழுதி, ஒத்த வகைகளை இணைத்து, 250க்கு மேற்பட்ட புதிய வகைகளைச் சேர்த்தார். அலுப்பூட்டும் வேலை, ஆனால் யாராவது செய்தாக வேண்டியது.

எண் தேடும்போது முதலில் கதையின் முடிச்சைப் பிடியுங்கள். 1687இன் தலைப்பே 'மறந்த சொல்'. சொல்லை உருப்போட்டுக்கொண்டே போகிறவன் வழியில் தடுமாறி மறக்கிறான். வேறொருவர் வாயில் தற்செயலாக அது வர, நினைவு திரும்புகிறது. பலகாரம், வாய்க்கால், மனைவிக்கு விழும் அடி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கொழுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தேடினால் எதுவும் அகப்படாது. பாட்டி வடை சுட்ட கதையும் அப்படியே: முடிச்சு வடையில் இல்லை, நரியின் முகஸ்துதியில் இருக்கிறது. அது 57.

பலர் சறுக்கும் இடம் 1696. அங்கேயும் முட்டாள் ஒருவன் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போகிறான். ஆனால் அவன் மறப்பதில்லை, இடம் தெரியாமல் சொல்லி அடி வாங்குகிறான். இன்னொரு குழப்பம் 'டி2004.5' போன்ற குறிகள். எழுத்தில் தொடங்கினால் அது கதைக்கூறு. முழுக் கதையின் வகை எண் அல்ல. இந்தக் குறி 'தடுமாறியதால் மறத்தல்' என்ற ஒரு கூறை மட்டும் சுட்டும். பழைய கட்டுரைகளில் 'ஏடி' என்று மட்டும் இருந்தால் அது தாம்சன் பதிப்பின் எண். அந்த எண்ணை ஊத்தரில் காணோம் என்றால் மூன்றாம் தொகுதிப் பின்னிணைப்பைப் பாருங்கள், நீக்கியவையும் மாற்றியவையும் அங்கே இருக்கும்.

தமிழ்க் கதைகளுக்கு ஊத்தரை மட்டும் நம்ப வேண்டாம். அவரது பட்டியல் இன்னமும் ஐரோப்பாவின் பக்கமே சாய்ந்திருக்கிறது. தாம்சனும் வாரன் ராபர்ட்ஸும் 1960இல் வெளியிட்ட இந்திய, இலங்கைக் கதை வகைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.