கியரை இறக்கும்போது வண்டி ஏன் குலுங்குகிறது?

கேள்வி: கியர் பைக் ஓட்டப் பழகி வருகிறேன். கியரை ஏற்றுவதில் சிரமமே இல்லை. இறக்கும்போதுதான் வண்டி பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி குலுங்குகிறது. சட்டென்று பிரேக் அடித்து நின்றுவிட்டால் நாலாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறது, எவ்வளவு மிதித்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. கிளட்சில் கோளாறா, நான் ஓட்டுவதில் தவறா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வண்டியில் பெரிய கோளாறு இருக்கும் என்று தோன்றவில்லை. இரண்டு பிரச்சினைக்கும் காரணம் வேறு வேறு, தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் குலுங்கல். ஒரே வேகத்தில் போகும்போது நாலாவது கியரில் இன்ஜின் சுற்றுவதைவிட மூன்றாவது கியரில் வேகமாகச் சுற்றியாக வேண்டும், கியர் விகிதம் அப்படி. உதாரணத்துக்கு நாலாவதில் நிமிடத்துக்கு 3,500 சுற்று என்றால் மூன்றாவதில் 4,500 பக்கம் வரும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, கிளட்சைப் பிடித்து, கியரை மிதித்து, அப்படியே கிளட்சை விட்டுவிடுகிறீர்கள். அதற்குள் இன்ஜின் ஐடிலிங் (முறுக்காமல் சும்மா ஓடும்) அளவுக்கு இறங்கிப் போயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பின்சக்கரம்தான் அதை மறுபடி 4,500க்கு இழுத்து ஏற்ற வேண்டும், அந்த இழுப்புதான் உங்களுக்குக் குலுங்கலாகத் தெரிகிறது. காய்ந்த ரோட்டில் இது வெறும் அசௌகரியம். ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கிவிடும், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எப்படி மாற்றுவது? கிளட்ச் பிடித்திருக்கும் அந்த நேரத்திலேயே ஆக்சிலரேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி, இன்ஜின் சத்தம் ஏறும்போது கியரைத் தட்டி, கிளட்சை விடுங்கள். எவ்வளவு முறுக்குவது என்பது கைக்குத் தானாகப் பிடிபடும், காதுதான் இதில் வாத்தியார்: கிளட்சை விட்ட பிறகு சத்தம் திடீரென்று ஏறினால் முறுக்கியது போதவில்லை, வண்டி முன்னால் பாய்ந்தால் அதிகம். பிரேக் பிடித்தபடியே முறுக்குவது புதியவர்களுக்குக் குழப்பும். அது கைக்குப் பழகும்வரை கியரை இறக்கிவிட்டு, கிளட்ச் கவ்வ ஆரம்பிக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மெதுவாக விட்டால் போதும், அதுவும் சரியான முறைதான்.

அப்புறம், நின்ற பிறகு கியர் இறங்காதது. பைக் கியர்பாக்சுக்குள் கியர் சக்கரங்கள் எப்போதுமே ஒன்றோடொன்று பல் கோத்தபடிதான் இருக்கும். நீங்கள் பெடலைத் தட்டும்போது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் பக்கத்தில் இருக்கும் முட்டுகள் அடுத்த சக்கரத்தின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். வண்டி உருளும்போது எல்லாம் சுற்றிக்கொண்டே இருப்பதால் முட்டும் பள்ளமும் ஏதோ ஒரு கணத்தில் நேராக வந்துவிடும். நின்றுவிட்டால் முட்டுக்கு நேராக முட்டு வந்து நின்றுவிடலாம், அப்போது எவ்வளவு மிதித்தும் பிரயோஜனம் இல்லை, ஓங்கி மிதித்தால் உள்ளே கியர் சக்கரத்தை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைவதுதான் மிச்சம். பெடலை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரேக்கையும் விடாமல், கிளட்சை ஒரு துளி மட்டும் விட்டுப் பிடியுங்கள். இல்லை என்றால் வண்டியைக் காலால் முன்னும் பின்னும் அசையுங்கள். டக்கென்று இறங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஒரு மிதிக்கு ஒரு கியர்தான். மிதித்துவிட்டுக் காலை எடுத்து, பெடல் பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த மிதி வேலை செய்யும். பதற்றத்தில் காலை எடுக்காமலே அழுத்திக்கொண்டிருந்தால் நாலிலிருந்து மூன்றுக்கு வந்ததோடு நின்றுவிடும்.

ஆக, நிற்பதற்கு முன்பே வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக இறக்கி வாருங்கள். கிளட்சை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு மூன்று கியரையும் தட்டி இறக்குபவர்களும் உண்டு, தவறில்லை, ஆனால் பழகும்போது ஒவ்வொரு கியரிலும் கிளட்சை விட்டுப் பிடிப்பதையே நான் சொல்வேன். இன்ஜினே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் இன்ஜின் பிரேக்கும் கிடைக்கும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதும் தெரியும், பாதியில் வழி கிடைத்தால் அப்படியே முறுக்கிப் போகலாம். வளைவு வந்தால் திரும்புவதற்கு முன்பே கியர் வேலையை முடித்துவிடுங்கள். நியூட்ரலும் இதே கதைதான், கடைசி ஓரிரு அடி உருளும்போது இரண்டாவதிலிருந்து அரை அழுத்து அழுத்தினால் சுலபமாக விழும். எல்லா கியரும் ஒரே பக்கம் விழுகிற மாடல்களும் இருக்கின்றன, அவற்றில் நியூட்ரல் இருக்கும் இடம் மாறும், உங்கள் வண்டியின் கையேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் கியர் இறுக்கமாகவே இருந்தால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லீவர் முனையில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். தளர்வு அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாது. முதல் கியரில் கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்ல நகரப் பார்த்தால் அதுதான் அடையாளம். தளர்வே இல்லை என்றால் கிளட்ச் வழுக்கி பிளேட் தேயும். ஆயிலும் முக்கியம், பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருப்பதால் கார் ஆயிலை ஊற்றினால் வழுக்க ஆரம்பிக்கலாம், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2 – இப்படி ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி) என்று இருக்கிறதா பாருங்கள்.

முறுக்கும்போது கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காலை முழுதாகத் தூக்கி மாற்றியும் அது தொடர்ந்தால் முட்டுகள் தேய்ந்திருக்கவோ ஃபோர்க் வளைந்திருக்கவோ வாய்ப்பு அதிகம், மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.