ஊரடங்கு பலித்ததா, நியாயமா: ஒரு பொதுச் சுகாதார மருத்துவரின் பதில்கள்

பொதுச் சுகாதாரத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கொரோனாவின் இரண்டு பெரிய அலைகளிலும் களத்தில் இருந்தேன். காய்ச்சல் முகாம்கள் நடத்தினேன். தொற்று கண்ட தெருக்களைத் தகரம் வைத்து அடைக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அதனால் ஊரடங்கைப் பற்றிய கேள்வி எதுவும் எனக்கு வெளியே நடந்த ஒன்றைப் பற்றியது அல்ல. கேளுங்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அம்மா. ஊரடங்கு பலன் தந்ததா, இல்லையா?

தந்தது, தம்பி. ஆனால் என்ன பலன் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊரடங்கு கிருமியை அழிக்காது. கிருமி நம்மிடம் வந்து சேரும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் அது ஏறத்தாழ 7 சதவீதம். ஆண்டு திரும்பும்போது 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

தள்ளிப்போடுவதால் என்ன லாபம்? 2020 மார்ச்சில் மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு எந்த மருந்து உயிர் காக்கும் என்பது உலகில் யாருக்கும் தெரியாது. டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருப்போரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஜூன் 16 அன்றுதான் அறிவித்தார்கள். எங்கள் மருந்துக் கிடங்குகளில் எப்போதும் கிடந்த, மிக மலிவான மருந்து அது. ஜனவரியில் புனேயின் ஒரே ஆய்வகத்தில் தொடங்கிய பரிசோதனை, ஜூன் இறுதியில் ஆயிரம் ஆய்வகங்களில் நடந்தது. ஏப்ரலில் படுத்திருக்க வேண்டிய ஒருவர் ஜூலையில் படுத்து, அதனால் எழுந்து நடந்தார் என்றால், அந்த மூன்று மாதங்களை அவருக்குக் கொடுத்தது ஊரடங்கு.

கோவை, மென்பொருள் பொறியாளர்: சுவீடன் நாட்டையே பூட்டவில்லை. அங்கே எதுவும் குடிமுழுகிப் போய்விடவில்லையே?

சுவீடனைப் பற்றி இரண்டு உண்மைகள் இருக்கின்றன. முதல் ஆண்டில் அங்கே மக்கள்தொகைக் கணக்கில் இறந்தவர்கள், அண்டை நாடுகளான நார்வே, பின்லாந்தைவிடப் பல மடங்கு அதிகம். முதியோரைக் காக்கத் தவறிவிட்டோம் என்று அந்த நாட்டின் விசாரணை ஆணையமே எழுதியது. இரண்டாவது உண்மை: மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், கடுமையாகப் பூட்டிய பல ஐரோப்பிய நாடுகளைவிட அங்கே கூடுதல் இறப்பு, அதாவது வழக்கமான ஆண்டுகளைவிட அதிகமாக நேர்ந்த இறப்பு, குறைவு. ஒன்றை உரக்கச் சொல்லி மற்றொன்றை மறைப்பவரை நம்பாதீர்கள்.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடத் தடை விதித்தார்கள். மேல்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் இணைய வகுப்புக்கு மாற்றினார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் முதல் நாள் சம்பளத்தில் பிடிக்கும் விதியை மார்ச்சிலேயே நிறுத்திவைத்தார்கள். தனியாக வாழ்வோர் மிகுந்த நாடு அது. வியாசர்பாடியில் ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது.

சென்னை, பொருளியல் ஆய்வு மாணவி: ஊரடங்குகள் இறப்பை 0.2 சதவீதம்தான் குறைத்தன என்று 2022இல் ஓர் ஆய்வறிக்கை வந்ததே?

ஹெர்பி, யோனுங், ஹாங்கி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் எழுதியது. முகக்கவசக் கட்டாயம் உள்பட எந்த அரசு ஆணையையும் அவர்கள் 'ஊரடங்கு' என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். ஒரு சில ஆய்வுகளுக்கு மிகுந்த எடை கொடுத்துத்தான் அந்த எண் கிடைத்தது. நோய் அதிகம் பரவாத நேரத்தில், தொடக்கத்திலேயே, பல நடவடிக்கைகளைச் சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்பது லண்டன் ராயல் சொசைட்டி 2023இல் வெளியிட்ட தொகுப்பின் முடிவு. என் அனுபவமும் அதுவே. ஆனால் அந்த மூவர் சொன்னதில் ஒரு செய்தியை நான் ஏற்கிறேன். அச்சம் வந்தால் மக்கள் ஆணைக்குக் காத்திருக்காமல் தாமே ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பலனையும் அரசின் கணக்கில் எழுதிக்கொள்வது சரியல்ல.

திருப்பூர், பனியன் தொழிலாளி: எங்களோடு வேலை பார்த்த ஒடிசா, பீகார் ஆட்கள் மூட்டையோடு நடந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்த நாலு மணி நேரத்தை நீங்கள் நியாயப்படுத்துவீர்களா டாக்டர்?

மாட்டேன், ஐயா.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவில் நாடு முழுதும் பூட்டு. அன்று நாட்டில் கண்டறியப்பட்டிருந்த தொற்று ஐந்நூறுக்குச் சற்று மேல். தினக்கூலிக்காரருக்குச் சம்பளம், சாப்பாடு, ஊருக்குப் போக ரயில், இந்த மூன்றுக்கும் அந்த அறிவிப்பில் வழி இல்லை. சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1 அன்று. மே 8 அதிகாலையில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த அந்தச் சப்பாத்திகளின் படத்தை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

இதை இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை, மருத்துவக் கணக்காகவும் சொல்கிறேன். பெரு நாட்டைப் பாருங்கள். 2020 மார்ச் 16 அன்றே, உலகின் மிகக் கடுமையான ஊரடங்குகளில் ஒன்றைப் போட்டார்கள். ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கில் உலகிலேயே மிக அதிகம் பேர் இறந்த நாடுகளில் அதுவும் ஒன்று. பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது, அதனால் நாள்தோறும் சந்தைக்குப் போக வேண்டும். உதவித்தொகை வாங்க வங்கி வாசலில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். பசித்தவனை உத்தரவால் உட்கார வைக்க முடியாது. சோறு போடாத ஊரடங்கு அநியாயம் மட்டுமல்ல, அது பலிக்கவும் பலிக்காது.

நம் ஊரிலும் பார்த்தோம். சென்னை, மதுரை, கோவையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு முடக்கம் என்று இரண்டு நாள் முன்பு சொன்னார்கள். 25ஆம் தேதி கோயம்பேட்டில் நின்ற கூட்டம் நினைவிருக்கிறதா? மே 5 அன்று சந்தையையே மூட வேண்டியதாயிற்று. அங்கிருந்து போன லாரிகளோடு தொற்று அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை போய்ச் சேர்ந்தது. அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். அவை இல்லாமலிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் உங்களோடு வேலை பார்த்த ஒடிசாக்காரரிடம் இந்த ஊர் ரேஷன் அட்டை இல்லையே.

தஞ்சாவூர், அரசுப் பள்ளி ஆசிரியை: பள்ளிகளை அத்தனை நாள் மூடியது சரியா?

முதல் சில மாதங்கள் சரி. குழந்தைகளை இந்த நோய் எப்படித் தாக்கும் என்று அப்போது தெரியாது. அதன் பிறகு மூடிவைத்தது தவறு. டென்மார்க் தொடக்கப் பள்ளிகளை 2020 ஏப்ரல் நடுவிலேயே திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள்! கடைவீதியும் தேர்தல் கூட்டமும் திறந்திருந்த நாட்களில் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. செல்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அது முழு இருட்டு. இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பெடுத்த தன்னார்வலர்களிடம் கேளுங்கள், நான்காம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறியதைச் சொல்வார்கள். பள்ளிகளைப் பற்றிப் பேசிய எங்கள் துறைக் கூட்டங்களில் நான் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

நாகர்கோவில், வழக்கறிஞர்: போலீஸ் தடியில்லாமல் ஊரடங்கு சாத்தியமா?

தடி இருந்தால்தான் அது தோற்கும். 2020இல் நாம் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897ஆம் ஆண்டினது, பம்பாய் மாகாணத்துப் பிளேக்குக்காக வந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மக்கள் நோயாளியையும் ஒளித்தார்கள், பிணத்தையும் ஒளித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டது அந்தக் கோபத்தில்தான்.

நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஜூனில், அனுமதித்த நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார்கள். எந்தக் கிருமிக்காக அது நடந்தது?

நான் தகரம் அடித்த தெருவில், காய்ச்சல் உண்டா என்று களப்பணியாளர் கேட்டால் எல்லா வீட்டிலும் 'இல்லை' என்ற பதில்தான் வந்தது. தகரத்தை எடுத்துவிட்டு, வீட்டு வாசலுக்கே அரிசியும் மாத்திரையும் கொண்டுபோன பிறகுதான் கதவுகள் திறந்தன.

வேலூர், செவிலியர்: கொரோனா அல்லாத நோயாளிகளை மறந்துவிட்டோம் அல்லவா?

மறந்துவிட்டோம். நாட்டில் பதிவான காசநோயாளிகள் 2019இல் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். அந்த ஆறு லட்சம் பேருக்கு நோய் குணமாகிவிடவில்லை. வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஈரோடு, கடை உரிமையாளர்: மறுபடியும் ஒரு தொற்று வந்தால் மறுபடியும் பூட்டச் சொல்வீர்களா?

மிகச் சீக்கிரம், மிகக் குறுகிய காலம், இழப்பீட்டோடு என்றால் சொல்வேன். நியூசிலாந்து 2020 மார்ச் 19 அன்று எல்லையை மூடி, ஒரு வாரத்துக்குள் ஊரையும் பூட்டியது. ஊதியத்துக்கு அரசு மானியம் கொடுத்தது. ஆண்டு முடிவில் அங்கே கொரோனாவில் இறந்தவர்கள் 25 பேர். கடலால் சூழப்பட்ட சிறிய நாடு என்பது அவர்களுக்கு வாய்த்த வசதி, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரிட்டன் தாமதித்தது. ஒரு வாரம் முன்பே பூட்டியிருந்தால் இங்கிலாந்தில் முதல் அலையில் 23 ஆயிரம் பேர் பிழைத்திருக்கலாம் என்றும், அதற்கும் முன்பே விழித்திருந்தால் பூட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது என்றும் அங்கே விசாரணை நடத்தியவர்கள் 2025இல் எழுதினார்கள். உங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு மூடிய நாளுக்கான பணம் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்பது தொற்று இல்லாத இந்த ஆண்டிலேயே சட்டமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் குறிப்பிடாத ஒருவர்: 2021 மே மாதம் அப்பா போனார். உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அதுவும் தேவையாக இருந்ததா அம்மா?

இல்லை, தம்பி. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று, ஊரடங்குக்கும் முன்பே, வெளியிட்ட வழிகாட்டுதலில் இது இருக்கிறது: முகப்பக்கம் உறையின் பல்லிணையை (ஜிப்பை) திறந்து, உறவினர் கடைசியாக ஒரு முறை பார்க்க அனுமதிக்கலாம். தொடக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இருந்தது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் துறையில் இருந்தவள் என்ற முறையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.