ஒரு ரன் போதுமா? பன்ட் பஞ்சாயத்து

கேள்வி: நானும் என் மச்சானும் பேஸ்பால் மேட்ச் பாத்துட்டு இருந்தோம். 8வது இன்னிங்ஸ், ஸ்கோர் 3-3. முதல் பேட்டர் வாக் வாங்கி (நாலு பந்து தப்பா வந்தா சும்மா கிடைக்கிற பேஸ்) ஃபர்ஸ்ட் பேஸ் போயிட்டாரு. அடுத்து வந்தவரு நல்லா அடிக்கிற ஆளு, ஆனா பன்ட் பண்ணி (பேட்ட வீசாம பந்த மெதுவா தட்டி விட்டு) தன் விக்கெட்ட தானே குடுத்துட்டு ரன்னர செகண்ட் பேஸ் அனுப்பிட்டாரு. மச்சான் "சூப்பர் மூவ்"ங்கிறான். எனக்கு வயிறு எரியுது. யாரு சொல்றது சரி?

பதில்: அது விக்கெட் இல்லங்க, அவுட் (எனக்கும் வாய்ல விக்கெட்னு தான் வருது, அது வேற கதை). உங்க வயித்தெரிச்சல் நியாயமானது தான், ஆனா மச்சான் சொல்றதையும் முழுசா தள்ளிட முடியாது.

9 இன்னிங்ஸுக்கு ஒரு டீம் கையில இருக்கறது மொத்தமே 27 அவுட். அதுல ஒண்ண நாமளே எடுத்து எதிராளி கையில குடுத்துட்டு பதிலுக்கு ஒரு பேஸ் வாங்கிக்கறோம் (நாலு பேஸையும் சுத்தி வந்தா தான் ஒரு ரன்), அதான் சாக்ரிஃபைஸ் பன்ட். வாங்கின பேஸ் குடுத்த அவுட்டுக்குத் தகுமாங்கறது தான் கேள்வியே. அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல பல வருஷ மேட்ச்கள வச்சு கணக்கு போட்டிருக்காங்க. அவுட் இல்லாம ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆள் இருந்தா அந்த இன்னிங்ஸ் முடியறதுக்குள்ள சராசரியா 0.9 ரன்னுக்கு கொஞ்சம் கம்மியா வருது. ஒரு அவுட் ஆகி செகண்ட் பேஸ்ல ஆள் இருந்தா அது 0.7 பக்கத்துக்கு இறங்கிடுது. அதாவது பன்ட் ஒழுங்கா விழுந்தா கூட நஷ்டம். ஒழுங்கா விழலன்னா? பந்து மேல எழும்பி கேட்ச் ஆகலாம், நேரா பிட்சர் (பந்து வீசறவர்) கைக்கே போய் செகண்ட் பேஸ்ல ரன்னர் அவுட் ஆகலாம், டபுள் ப்ளே, அதாவது ஒரே பந்துல ரெண்டு அவுட் கூட ஆகலாம்.

ஆனா மச்சான் பக்கம் ஒரு பாயின்ட் இருக்கு. மேல சொன்னது சராசரி, அதுல மூணு ரன் நாலு ரன் வர்ற இன்னிங்ஸும் கலந்திருக்கு. "ஒரே ஒரு ரன்னாவது வருமா"ன்னு மட்டும் கேட்டா ரெண்டு நிலைமைக்கும் 100க்கு 40 சொச்சம் தான், பெருசா வித்தியாசமே இல்ல. அதனால ஒரு ரன் போதும்ங்கிற நேரத்துல, பேட் பண்றவரு சுமாரான ஆளா இருந்தா, பன்ட் ஒண்ணும் பாவம் இல்ல. உங்க கேஸ்ல அடிக்கிற ஆள் நல்ல ஆள், 8வது இன்னிங்ஸ் தான், எதிர் டீமுக்கு இன்னும் பேட்டிங் பாக்கி இருக்கு. நானா இருந்தா அடிக்க விட்டிருப்பேன்.

இன்னொண்ணு, அடுத்து வர்றது யாருன்னு பாத்தீங்களா? அந்த டீமோட பெரிய ஸ்டார் அடுத்து வர்றாருன்னு வைங்க, பன்ட் பண்ணதும் ஃபர்ஸ்ட் பேஸ் காலியாயிடும், எதிர் மேனேஜர் கைய காட்டி அவருக்கு வாக் குடுத்து அனுப்பிடுவாரு (2017லேர்ந்து மேஜர் லீக்ல அதுக்கு நாலு பந்து வீசக்கூட வேண்டாம், சைகை காட்டினாலே போதும்). ஆக ஒரு அவுட்ட குடுத்து நம்ம ஸ்டாரோட பேட்டையும் நாமளே பிடுங்கி வச்ச மாதிரி ஆயிடுது. டீவில பாக்கறப்போ நெறய பேர் கவனிக்காம விடறது இதத்தான்.

கேள்வி: எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்ல செகண்ட் பேஸ்ல ஒரு ஆள சும்மா நிறுத்தி ஆரம்பிக்கிறாங்களே, அப்போ பன்ட் பண்ணலாமா?

பதில்: 2020ல கொண்டு வந்தாங்க, 2023ல நிரந்தரமாக்கிட்டாங்க, ப்ளே ஆஃப்ல மட்டும் கிடையாது. இங்க கணக்கு கொஞ்சம் மாறுது. அவுட் இல்லாம செகண்ட் பேஸ்ல ஆள் இருந்தா ஒரு ரன்னாவது வர்ற வாய்ப்பு 100க்கு 60ஐ தாண்டுது, ஒரு அவுட்டோட தேர்ட் பேஸ்ல இருந்தா 65 பக்கம். கொஞ்சம் லாபம் தான். காரணம் சிம்பிள், தேர்ட் பேஸ்ல ஆள் இருந்தா ஹிட்டே (அடிச்சு பத்திரமா பேஸ் ஏறறது) வேணாம், அவுட்ஃபீல்டுக்கு ஒரு கேட்ச் தூக்கி குடுத்தாலே ரன்னர் ஓடி வந்துடலாம்.

அதனால ஹோம் டீம், 10வது இன்னிங்ஸ் கீழ் பாதி (ஹோம் டீம் ரெண்டாவதா பேட் பண்ற பாதி), ஸ்கோர் சமம்னா தாராளமா பன்ட் பண்ணலாம், ஒரு ரன் வந்தா மேட்ச் முடிஞ்சுது. மேல் பாதில ஆடற விசிட்டிங் டீம் அதே மாதிரி பண்ணா எனக்கு ஒத்துக்காது, ஏன்னா நீங்க ஒரு ரன் எடுத்து வச்சீங்கன்னா அவங்களுக்கும் செகண்ட் பேஸ்ல ஓசி ரன்னர் ரெடியா நிக்கிறாரு, ஒரு ரன் லீட் எந்த மூலைக்கு? ரெண்டு மூணு ரன்னுக்கு அடிச்சு பாக்கறது தான் புத்திசாலித்தனம்.

கேள்வி: ரெண்டு ஸ்ட்ரைக் ஆனப்புறம் யாரும் பன்ட் பண்றதில்லையே, பயமா?

பதில்: பயம் தான். ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் சாதாரணமா அடிச்சு ஃபவுல் (கோட்டுக்கு வெளிய) போனா ஒண்ணும் ஆகாது, பன்ட் பண்ணி ஃபவுல் போனா நேரா ஸ்ட்ரைக் அவுட்.

கேள்வி: ஜப்பான்ல மட்டும் ஏன் சார் பன்ட்ட இப்படி கொண்டாடறாங்க?

பதில்: அங்க ஸ்கூல் டீம்லேர்ந்தே அப்படி பழக்கறாங்க, டீமுக்காக தன்ன குடுக்கறது பெரிய குணம்னு பாக்கறாங்க. யோமியூரி ஜயன்ட்ஸுக்கு ஆடின மசாஹிரோ கவாய் மொத்தம் 533 சாக்ரிஃபைஸ் பன்ட் போட்டவரு, அமெரிக்காவுல எட்டி காலின்ஸ் வச்சிருந்த 512ஐ தாண்டிட்டாரு. மேஜர் லீக்ல இப்போ அது அருகிப் போச்சு, 2022லேர்ந்து அதுக்குள்ள இருக்கற ரெண்டு லீக்லயும் பிட்சருக்கு பதிலா வேற ஆள் பேட் பண்றதால இன்னும் கம்மி. அடிக்கத் தெரியாத பிட்சர் பன்ட் பண்றதுல மட்டும் எனக்கு எப்பவுமே ஆட்சேபணை கிடையாது, அவரு அடிச்சாலும் அவுட் தான்.

கேள்வி: பன்ட்டால ஒரு பெரிய மேட்ச் நிஜமாவே திரும்பியிருக்கா?

பதில்: 2001 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் ஃபைனல்) 7வது மேட்ச், நவம்பர் 4. நியூயார்க் யாங்கீஸ் 2-1 முன்னாடி இருக்காங்க, 9வது இன்னிங்ஸ் கீழ் பாதி, பந்து மரியானோ ரிவேரா கையில. அந்த ஆள் கையில பந்து போச்சுன்னா டீவிய அணைச்சுட்டு தூங்கப் போயிடலாம்னு ஒரு காலம். அரிசோனாவோட மார்க் க்ரேஸ் ஒரு சிங்கிள் அடிச்சு ஃபர்ஸ்ட் பேஸ் ஏறறாரு. அடுத்து டேமியன் மில்லர் பன்ட். ரிவேரா பாய்ஞ்சு பந்த எடுத்து செகண்ட் பேஸுக்கு எறியறாரு, எறிஞ்சது தப்பி சென்டர் ஃபீல்டுக்கு ஓடிடுச்சு. ரெண்டு பேருமே சேஃப். இப்ப ஜே பெல் வந்து அவரும் பன்ட், இந்த தடவ பந்து நேரா ரிவேரா கைக்கே போகுது, தேர்ட் பேஸுக்கு எறிஞ்சு முன்னாடி ஓடின ரன்னர தூக்கிட்டாரு. அப்புறம் டோனி வோமாக் டபுள் (செகண்ட் பேஸ் வரைக்கும் போற அடி) அடிச்சு சமன் பண்ணாரு, க்ரெய்க் கௌன்செல் மேல பந்து பட்டு பேஸ் எல்லாம் நிரம்பிடுச்சு, லூயிஸ் கோன்சலஸ் இன்ஃபீல்டு தலைக்கு மேல மெதுவா ஒண்ண தூக்கி விட்டாரு, 3-2.

நான் சொல்ல வர்றது என்னன்னா, ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு பன்ட், ஒண்ணு எறிஞ்சவரோட தப்பால பலிச்சுது, இன்னொண்ணு சொதப்பிடுச்சு. மேட்ச ஜெயிச்சு குடுத்தது வோமாக்கும் கோன்சலஸும் பேட்ட வீசினது. ஆனா ஈரக் கையோ பதட்டமோ, ஃபீல்டர ஓட வச்சு எறிய வச்சா எப்பவாவது கோட்டை விடுவான்ங்கிறதயும் கணக்குல சேத்துக்கணும், அந்த சராசரி நம்பர் எதுவும் ரிவேரா கை அன்னிக்கு நடுங்குமான்னு சொல்லாது.

கேள்வி: எதிர் பிட்சர் ஒரு ஹிட் கூட விடாம போட்டுட்டு இருக்கறப்போ பன்ட் பண்றது கேவலம்னு சொல்றாங்களே?

பதில்: அதே 2001, மே 26, சான் டியாகோ. அரிசோனாவோட கர்ட் ஷில்லிங் வரிசையா 22 பேர அவுட் பண்ணியிருக்காரு, யாரும் பேஸையே தொடல. 8வது இன்னிங்ஸ், ஒரு அவுட். சான் டியாகோ கேட்சர் பென் டேவிஸ் பன்ட் பண்ணி ஃபர்ஸ்ட் பேஸ் போயிட்டாரு. அரிசோனா மேனேஜர் பாப் ப்ரென்லிக்கு செம கோவம், இது கோழைத்தனம்ங்கிற ரேஞ்சுக்கு பேசிட்டாரு. ஸ்கோர் என்ன தெரியுமா? 2-0 தான். டேவிஸ் பேஸ் ஏறினதும் அடுத்து வர்ற ஆள் ஒண்ண தூக்கி வெளிய அடிச்சா ஸ்கோர் சமம். 8-0னு இருந்தா நானும் முகம் சுளிச்சிருப்பேன், ரெண்டு ரன் வித்தியாசத்துல ஜெயிக்கப் பாக்காம பிட்சரோட சாதனைக்கு சாமரம் வீசணுமா என்ன? கடைசில 3-1னு அரிசோனா தான் ஜெயிச்சுது. நவம்பர்ல மில்லரும் பெல்லும் அடுத்தடுத்து பன்ட் பண்ணாங்கன்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கு அந்த டீமுக்கு மேனேஜர் இதே ப்ரென்லி தான், மேட்ச ஆரம்பிச்சு வச்ச பிட்சரும் இதே ஷில்லிங் தான்.