போர்ச்சுகலில் 1974இல் சர்வாதிகாரத்தை ராணுவமே கவிழ்த்தது ஏன்?

போரிலிருந்து வெளியேற வேறு வழி தெரியாததால்தான். 1961இல் போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் மூண்ட விடுதலைப் போர் கினி-பிசாவ், மொசாம்பிக் என்று பரவியது. காலனிகளை விட மாட்டேன் என்று சர்வாதிகாரி சலாசார் அடம்பிடித்தார். 1968இல் அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த கயேட்டானோ சீர்திருத்தம் பேசினாரே தவிர போரை நிறுத்தவில்லை.

அதிகாரிகள் பற்றாக்குறைக்கு 1973இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கட்டாய சேவைக்கு வந்தவர்களும் குறுகிய பயிற்சி முடித்து நிரந்தர அதிகாரிகள் ஆகலாம். ஆண்டுக்கணக்கில் காட்டில் கிடந்த கேப்டன்களுக்கு, இவர்கள் பதவி மூப்பில் தங்களை முந்திவிடுவார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. (சாம்ராஜ்யம் சரிய பதவி மூப்புத் தகராறும் ஒரு காரணம் என்றால் யார் நம்புவார்கள்!) அந்தப் புகார்க் கூட்டங்களே ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டமாயின.

1974 ஏப்ரல் 25 அன்று அவர்கள் ஆட்சியைக் கவிழ்த்தபோது தலைநகர் லிஸ்பன் தெருக்களில் சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ஜனநாயகமும் காலனி விடுதலையும் கேப்டன்களின் ஒரே திட்டத்தில் இடம்பெற்றன. 1975 நவம்பரில் அங்கோலா விடுதலை பெற்றது. ஆனால் அங்கே அதற்குள் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது.