இன்ஜின் மவுண்டிங்: முழு செட் தேவையா?

கேள்வி: கியர் போட்டு கிளட்சை விடும்போது காரின் முன்பக்கம் 'டொக்'கென்று சத்தம் வருகிறது. மவுண்டிங் (இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ரப்பருக்குப் பதிலாக, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் மூன்று சேர்ந்த செட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா?

பதில்: செட்டாக வாங்காதீர்கள். இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும் முன்சக்கர டிரைவ் கார்களில், பெரும்பாலும் மேலே இருக்கும் இரண்டு மவுண்டிங்தான் எடையைத் தாங்கும். அடியில் எலும்பு வடிவில் இருக்கும் மூன்றாவது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் சத்தத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பாலியூரித்தேன் ஆசையை இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே இருப்பவற்றையும் கெட்டியாக்கினால், வண்டி சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங், சீட், உள்கண்ணாடி எல்லாம் அதிரும். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றால் கேட்கவே வேண்டாம். ரேஸ் ஓட்டுகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பார்களா?

பாலியூரித்தேனின் கெட்டித்தன்மையை 'ஷோர் ஏ' எண்ணில் சொல்வார்கள். எண் ஏற ஏற அதிர்வும் ஏறும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 70-க்கு மேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எண்ணே போடாமல் 'ஆயுளுக்கும் தாங்கும்' என்று மட்டும் விளம்பரம் செய்தால் தள்ளிவிடுங்கள்.

மேல் மவுண்டிங்கும் போயிருந்தால் அதே பார்ட் நம்பரில் ஒரிஜினலே வாங்குங்கள். பல கார்களில் அது உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் வகை. மலிவான மாற்றுகளில் சில பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே வெறும் ரப்பர்தான். புதிது போட்ட பிறகு அதிர்வு கூடிவிட்டது என்ற புகார் பல நேரம் இதனால்தான்.

காசு போடும் முன் ஒரு சோதனை. பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மெல்ல விடுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்க்கட்டும். இன்ஜின் துள்ளினால் மவுண்டிங்தான். துள்ளாமல் சத்தம் மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்டையும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர்) பாருங்கள்.

அடி மவுண்டிங்கை வீட்டில் மாற்றலாம். ஆனால் வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, வண்டியைக் கீழே இறக்கி, இன்ஜின் இயல்பாக உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். மேல் மவுண்டிங் வேறு கதை. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பலகை வைக்காமல் ஆயில் சம்பில் (இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஜாக்கி கொடுத்தால் சம்ப் நசுங்கும், அலுமினியம் என்றால் விரிசலே விடும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா?

பதில்: கிரீஸ் கறையோ ஸ்பேனர் தடமோ பட்டுவிட்டால் பெரும்பாலும் மாட்டார்கள். ஆர்டருக்கு முன்பே சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழையதைக் கழற்றியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் துளை இடைவெளி, போல்ட் தடிமன் இரண்டையும் அளந்து பாருங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.