கேள்வி நேரம்: ஆட்டம் சான்டா கிளாராவில், அறை சான்பிரான்சிஸ்கோவிலா?

2026 உலகக் கோப்பை கால்பந்தில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு ஆறு ஆட்டங்கள்: ஜூன் 13, 16, 19, 22, 25, ஜூலை 1. அங்கே போய்வருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

டிக்கெட்டில் 'சான்பிரான்சிஸ்கோ பே ஏரியா ஸ்டேடியம்' என்று போட்டிருக்கிறது. அதனால் நகரத்துக்குள்ளேயே, ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் பக்கம் நான்கு இரவுக்கு அறை போட்டுவிட்டோம். மைதானத்துக்கு நடந்தே போகலாமா?
— வாசகர், சென்னை

நடந்தால் மறுநாள்தான் போய்ச் சேருவீர்கள். அந்தப் பெயரில் ஒரு மைதானமே கிடையாது. லீவைஸ் ஸ்டேடியத்துக்குப் போட்டிக் காலத்தில் மட்டும் வைத்திருக்கும் பெயர் அது. தன் விளம்பரதாரர் அல்லாத நிறுவனத்தின் பெயர் மைதானத்தில் இருக்க ஃபிஃபா விடாது. லீவைஸ் ஸ்டேடியம் இருப்பது சான்டா கிளாரா நகரில். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர், சான் ஹோசேக்குப் பக்கத்து ஊர்.

கட்டணமில்லாமல் ரத்து செய்ய முடிந்தால், ஆட்டத்தன்று இரவுக்கு மட்டுமாவது அறையை மாற்றுங்கள். மைதானத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட எந்த ரயில் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள். மில்பிடாஸ், மவுன்டன் வியூ, சன்னிவேல், ஃபிரீமான்ட், மில்பிரே, சான் ஹோசே நகர மையம் இவற்றில் எது கிடைத்தாலும் நல்லது. ஊர் சுற்றும் நாட்களுக்கு சான்பிரான்சிஸ்கோ அறை இருக்கட்டும். ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபிலிருந்து பார்ட் அல்லது கால்ட்ரெயின் (இரண்டும் புறநகர் ரயில்கள்) நிலையத்துக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விமானம் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரியா – ஜோர்டான் ஆட்டம் 16ஆம் தேதியா, 17ஆம் தேதியா? இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறதே!
— வாசகர், கோவை

இரண்டும் சரி. ஆட்டம் அங்கே ஜூன் 16 செவ்வாய் இரவு 9 மணிக்கு. அதே நேரம் இங்கே ஜூன் 17 காலை 9.30. கலிபோர்னியா கோடையில் நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். இந்தியாவில் இருந்துகொண்டு ஃபிஃபா செயலியைத் திறந்தால் அட்டவணை இந்திய நேரத்துக்கு மாறிக் காட்டும். இந்த மைதானத்தில் எல்லா ஆட்டங்களுக்கும் ஒரு நாள் தள்ளித்தான் தெரியும். கத்தார் – சுவிட்சர்லாந்து ஆட்டமும் அப்படியே: அங்கே 13ஆம் தேதி சனி நண்பகல், இங்கே 14ஆம் தேதி நள்ளிரவு 12.30. அதை நம்பி 13ஆம் தேதி மாலை போய் இறங்கினால் ஆட்டம் முடிந்து மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட்டிலுள்ள உள்ளூர்த் தேதியை வைத்தே விமானமும் அறையும் போடுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து போக கால்ட்ரெயின், பார்ட் என்று இரண்டு ரயில்கள் சொல்கிறார்கள். எது நல்லது?
— வாசகர், மதுரை

இரண்டுமே மைதானம் வரை போகாது. எதில் போனாலும் கடைசிப் பகுதிக்கு வி.டி.ஏ. நிறுவனத்தின் லைட் ரயிலில் மாற வேண்டும். தெருவோடு ஓடும் சின்ன ரயில் அது. இறங்க வேண்டிய நிறுத்தம் 'கிரேட் அமெரிக்கா'. இறங்கினால் எதிரே மைதானம்.

கால்ட்ரெயின் வளைகுடாவின் மேற்குக் கரையோடு போகிறது. சான்பிரான்சிஸ்கோவில் நான்காம் தெரு – கிங் தெரு முனையில் ஏறி மவுன்டன் வியூவில் இறங்குங்கள். 2024 செப்டம்பரில் மின்மயமான பிறகு வேகம் கூடியிருக்கிறது. வார நாட்களில் எக்ஸ்பிரஸ் கிடைத்தால் முக்கால் மணி நேரம், எல்லா ஊரிலும் நிற்கும் வண்டி என்றால் ஒரு மணி நேரம். சனி, ஞாயிறில் எக்ஸ்பிரஸ் கிடையாது. அரை மணிக்கு ஒரு வண்டிதான். மவுன்டன் வியூவில் லைட் ரயில் நடைமேடை பக்கத்திலேயே இருக்கிறது. லைட் ரயிலின் ஆரஞ்சு லைன் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் போகும்போது உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிரேட் அமெரிக்காவுக்கு சுமார் 25 நிமிடம்.

பார்ட் கிழக்குக் கரைப் பக்கம். மார்க்கெட் தெருவிலுள்ள எந்த நிலையத்திலும் 'பெர்யெஸ்ஸா' என்று பலகை போட்ட கிரீன் லைனில் ஏறி, கடைசிக்கு முந்திய நிலையமான மில்பிடாஸில் இறங்குங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். பார்ட் தரைக்குக் கீழே, லைட் ரயில் சாலைக்கு மேலே. இரண்டையும் ஒரு நடைபாலம் இணைக்கிறது. அங்கே ஆரஞ்சு லைனில் மவுன்டன் வியூ பக்கம் போகும் வண்டியைப் பிடித்தால் சுமார் 20 நிமிடத்தில் மைதானம்.

எங்கள் ஓட்டு, பகலில் போவதற்கு கால்ட்ரெயின். ஓக்லாந்து, பெர்க்லி, ஃபிரீமான்ட் பக்கம் தங்குபவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், பார்ட்தான். கிரீன் லைன் மாலைக்கு மேல் ஓடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இரவில் மில்பிடாஸிலிருந்து ரிச்மண்ட் போகும் பார்ட்டின் ஆரஞ்சு லைனில் (லைட் ரயிலின் ஆரஞ்சு லைன் வேறு) ஏறி, பே ஃபேர் நிலையத்தில் இறங்கி, டேலி சிட்டி போகும் புளூ லைனுக்கு மாற வேண்டும். வந்த வழியே நேராகத் திரும்பலாம் என்று நினைத்துத் தூங்கிவிட்டால் ஓக்லாந்தையும் தாண்டி ரிச்மண்டில் கண் விழிப்பீர்கள்.

வரைபடத்தில் 'சான்டா கிளாரா' என்றே ஒரு கால்ட்ரெயின் நிலையம் இருக்கிறதே, அங்கே இறங்கினால் என்ன?
— வாசகர், புதுச்சேரி

அது பல்கலைக்கழகத்துப் பக்கம். மைதானத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல். 'சான்டா கிளாரா – கிரேட் அமெரிக்கா' என்று இன்னொரு நிலையம் உண்டு. சாக்ரமென்டோ, ஓக்லாந்திலிருந்து வரும் கேப்பிட்டல் காரிடார் ரயில் நிற்பது அங்கே. மைதானம் நடை தூரம். ஆனால் அதில் வண்டிகள் குறைவு, இரவு ஆட்டம் முடிந்து திரும்ப நம்ப முடியாது.

பயணச்சீட்டு எப்படி வாங்குவது? ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியா? எங்கள் இந்திய வங்கி கார்டு செல்லுமா?
— வாசகர், திருச்சி

பார்ட், கால்ட்ரெயின், லைட் ரயில் மூன்றுக்கும் கிளிப்பர் என்ற ஒரே அட்டை. பிளாஸ்டிக் அட்டைக்கு 3 டாலர். கைபேசி வாலட்டில் சேர்த்தால் அட்டைக் கட்டணம் இல்லை. 2025 டிசம்பரில் வந்த புதிய முறையில், கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே நேராகத் தட்டலாம். இந்திய அட்டையும் செல்லும். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டு பொத்தான்களைப் பாருங்கள்: வெளிநாட்டுப் பரிவர்த்தனை, கான்டாக்ட்லெஸ் பரிவர்த்தனை. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிதாகத் தரும் அட்டைகளில் இரண்டுமே மூடிய நிலையில்தான் வரும். நாமாகத் திறக்காவிட்டால் கதவுக்கு முன் நின்று அட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்கே தட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பார்ட்டில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். கதவு இருப்பதால் மறக்க வழியில்லை. கால்ட்ரெயினில் கதவே இல்லை. நடைமேடையில் நிற்கும் கம்பத்தில் ஏறும் முன் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் முழுத் தூரக் கட்டணம் போய்விடும். கூட்டத்தோடு லைட் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். லைட் ரயிலில் ஏறும் முன் நடைமேடையிலேயே ஒரே முறை. வண்டிக்குள் தட்டும் கருவி கிடையாது, பரிசோதகர் வருவார்.

ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் வங்கி அட்டையைத் தட்டி வெளியே அதே வங்கிக் கணக்குள்ள கைபேசியைத் தட்டக் கூடாது. இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு அட்டைகள். இரண்டிலும் பாதிப் பயணம் என்று பதிவாகிக் குழப்பம் வரும்.

லைட் ரயில் கட்டணம் 2.50 டாலர். முதல் தட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேறு நிறுவன வண்டிக்கு மாறினால் 2.85 டாலர் வரை தள்ளுபடி உண்டு. அதனால் பார்ட்டிலோ கால்ட்ரெயினிலோ வந்து மாறினால் லைட் ரயில் இலவசம் மாதிரிதான். நடுவில் இறங்கிச் சாப்பிட்டு வந்தால் அந்தச் சலுகை போகும். 4 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 5 முதல் 18 வரை சலுகைக் கட்டணம் உண்டு, ஆனால் அதற்கு இளையோர் கிளிப்பர் அட்டை வேண்டும். வங்கி அட்டையைத் தட்டினால் பெரியவர் கட்டணம்தான்.

இரவு 9 மணி ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருக்கிறோம். தங்குவது சான்பிரான்சிஸ்கோவில். திரும்ப ரயில் இருக்குமா?
— வாசகர், பெங்களூரு

ஆறு ஆட்டங்களில் சிக்கலானது இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, இந்த முறை ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை, அதற்கு மேல் கூடுதல் நேரம். விசில் அடிக்கும்போது மணி 11 ஆகியிருக்கும். இருக்கையிலிருந்து வாசலுக்கு வர இருபது நிமிடம். அதன் பிறகு லைட் ரயில் வரிசை. கிட்டத்தட்ட 70,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு முன்னால் மூன்று பெட்டி வண்டி எந்த மூலைக்கு? மில்பிடாஸோ மவுன்டன் வியூவோ போய்ச் சேரும்போது நள்ளிரவு. பார்ட் வழக்கமாக நள்ளிரவோடு ஓய்ந்துவிடும். கால்ட்ரெயினும் ஏறக்குறைய அப்படித்தான்.

பெரிய ஆட்டங்களுக்குச் சிறப்பு வண்டிகள் விடுவது அங்கே வழக்கம். ஆட்ட வாரத்தில் மூன்று நிறுவனங்களின் தளங்களிலும் அந்தத் தேதிக்கான கடைசி வண்டியைப் பாருங்கள். மைதானத்து நிலையத்தின் கடைசி வண்டி நேரம் மட்டும் போதாது, மாற வேண்டிய நிலையத்திலும் வண்டி காத்திருக்குமா என்று பார்க்க வேண்டும்.

மாற்று வழி: மைதான வாசலில் ஊபர், லிஃப்ட் (Lyft) வாடகை வண்டிகளைக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் கட்டணம் பல மடங்கு ஏறும், வண்டியும் நெரிசலுக்குள் நுழைய முடியாது. லைட் ரயிலில் மில்பிடாஸ் அல்லது மவுன்டன் வியூ வரை போய் அங்கிருந்து கூப்பிடுங்கள். மூன்று நான்கு பேராகப் பகிர்ந்தால் கட்டுப்படியாகும். அதைவிட நிம்மதி, அன்றிரவு மட்டும் மில்பிடாஸில் தங்குவது.

19, 22ஆம் தேதி இரவு ஆட்டங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், கொஞ்சம் தளர்வாக. 25ஆம் தேதி 7 மணி ஆட்டத்தில் தாராளமாக நேரம் இருக்கிறது. ஜூலை 1 நாக் அவுட். மாலை 5 மணிக்குத் தொடங்குவதால் கூடுதல் அரை மணியும் பெனால்டியும் வந்தாலும் கவலையில்லை.

நாங்கள் ஃபிரீமான்டில் இருக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. காரிலேயே போய்விடலாமா?
— வாசகி, ஃபிரீமான்ட்

நிறுத்துமிடச் சீட்டு முன்கூட்டியே வாங்கியிருந்தால் மட்டும். வாசலில் போய்க் காசு கொடுத்து நிறுத்தும் பேச்சே இல்லை. பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் ஆட்ட நாட்களில் அனுமதி பெற்ற வண்டிகள்தான் நிற்கலாம்; மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்களுக்கு பார்ட் வசதி. பெட்டித் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம், படி ஏற வேண்டாம். லைட் ரயிலும் அப்படியே. கால்ட்ரெயினில் ஏற இன்னும் படி உண்டு. மில்பிடாஸில் மின்தூக்கியில் ஏறி நடைபாலம் வழியாகப் போகலாம். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் அரை மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள். அம்மா வரிசையில் நிற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும்.

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஆட்டத்தன்று காலை இறங்குகிறோம். நேரே மைதானத்துக்குப் போகலாமா?
— வாசகர், சேலம்

பாதை எளிது: விமான நிலையத்திலிருந்து பார்ட்டில் மில்பிரே, அங்கே தெற்கே போகும் கால்ட்ரெயின், மவுன்டன் வியூவில் லைட் ரயில். பெட்டிதான் சிக்கல். மைதானத்துக்குள் விடுவது 12 × 6 × 12 அங்குலத்துக்குள் அடங்கும் உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும். குடியேற்ற வரிசை எவ்வளவு நீளும் என்பதும் நம் கையில் இல்லை. பெட்டியை வைக்க மில்பிரே பக்கம் அறை இருந்தால் சரி, இல்லாவிட்டால் முந்தின நாளே வந்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்தில் வருபவர்கள் சான் ஹோசே விமான நிலையத்தைத் தேடலாம். மைதானத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான்.

வாடகைக் கார் எடுத்தால் டோல் எவ்வளவு?
— வாசகர், டல்லாஸ்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலை வழியாக வந்தால் பாலமே குறுக்கிடாது. பே பிரிட்ஜ், சான் மடேயோ, டம்பர்டன் பாலங்களில் மேற்கு நோக்கிப் போகும்போது மட்டும் 8.50 டாலர். கவனிக்க வேண்டியது 101, 237, 880 சாலைகளில் இடது ஓரமாக ஓடும் எக்ஸ்பிரஸ் லேன் என்ற கட்டணத் தடம். டோலைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்ட்ராக் கருவி இல்லாமல் அதில் புகுந்தால் காரின் எண்ணைப் படம் பிடித்து அபராதம் அனுப்புவார்கள். வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிர்வாகக் கட்டணமும் சேர்க்கும்.

வெயிலா, குளிரா? சாப்பாடு?
— வாசகி, திருநெல்வேலி

இரண்டும். பகல் ஆட்டத்தில் மைதானத்தின் கிழக்குப் பக்க இருக்கைகள் வெயிலில் காயும், தொப்பி வேண்டும். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். சான்பிரான்சிஸ்கோ ஜூன் மாதத்திலும் பனிமூட்டமாகவே இருக்கும். சன்னிவேலில் எல் காமினோ ரியால் சாலையில் தோசைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பத்து மணிக்கு மேல் அநேகமாகக் கடை மூடிவிடும். இரவு ஆட்டம் என்றால் போகும் வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.